ஃபார்மசி இன்ஃபர்மேடிக்ஸ்: பி.ஜி.ஒய்.2 ரெசிடென்சியா, உள்ளிருந்தே மாறுவதா, முதுகலையா, கம்பெனியா?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஃபார்மசி படிக்கிற, வேலை பார்க்கிற நம் ஆட்களிடமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வரும்: "இன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் போகலாம்னு இருக்கேன், பி.ஜி.ஒய்.2 பண்ணியே ஆகணுமா?" இன்ஃபர்மேடிக்ஸ் என்றால் மருத்துவமனையின் மருந்துக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தைக் கட்டிப் பராமரிக்கும் வேலை; பி.ஜி.ஒய்.2 என்றால் பட்டத்துக்குப் பிந்தைய ரெசிடென்சிப் பயிற்சியின் இரண்டாம் வருஷம். ஃபார்மசி டாக்டர் பட்டமான ஃபார்ம்.டி-யின் கடைசி வருஷத்தில் இருப்பவர் கேட்பார். பி.ஜி.ஒய்.1 ரெசிடென்சியில் தூக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர் கேட்பார். மருத்துவமனை ஃபார்மசியில் வருஷக்கணக்கில் இரவு ஷிஃப்ட் பார்த்து அலுத்தவர் கேட்பார். ஊரில் ஃபார்ம்.டி முடித்து துணைவருக்கான எச்-4 விசாவில் வந்து நாப்லெக்ஸ் என்ற லைசன்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவரும் கேட்பார். நாலு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் நாலு பேரும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான், அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம், சான்றிதழ், பெரிய மருத்துவமனையின் பெயர் எல்லாம் இரண்டாம் பட்சம். யார் உங்கள் கையில் பில்டைக் கொடுக்கிறார்களோ அங்கே போங்கள். பில்ட் என்றால் மருந்து ரெக்கார்டு, ஆர்டர் செட் (ஒன்றாகச் சேர்த்து வைத்த ஆர்டர் தொகுப்பு), டோஸ் ரவுண்டிங் விதி, அலர்ட், லேபிள், பார்கோடு இணைப்பு என்று மருத்துவரின் திரைக்குப் பின்னால் கட்டப்படும் எல்லாமும். அதைக் கட்டி, சோதித்து, உயிருள்ள சிஸ்டத்தில் ஏற்றி, மறுநாள் காலை நர்ஸ் ஒருவர் போன் போட்டுத் திட்டுவதைக் கேட்டவர்தான் இந்த வேலையைக் கற்றவர். மற்றவர்கள் இந்த வேலையைப் பற்றிப் படித்தவர்கள்.

இது என்ன வேலை என்று இன்னும் மங்கலாக இருப்பவர்களுக்கு, எல்லோரும் பேசிய ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் யு.சி.எஸ்.எஃப் மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு செப்ட்ரா என்ற ஆன்டிபயாடிக் ஒரு மாத்திரை போக வேண்டிய இடத்தில் 38½ மாத்திரை போனது. பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எடைக்கணக்கில்தான் டோஸ் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கிலோவுக்கு 5 மி.கி என்று எழுதினால் 193 மி.கி வருகிறது, ஆனால் மாத்திரை 160 மி.கி. வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டியதால், ஃபார்மசிஸ்ட் தானே மாற்றாமல் மருத்துவரிடம் திருத்தி எழுதச் சொன்னார். மருத்துவர் 160 என்று சரியாகத்தான் அடித்தார். ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அலகு மி.கி என்று இல்லை, கிலோவுக்கு மி.கி என்று இருந்தது. அலர்ட் வந்தது, தள்ளிவிட்டார்கள். ஃபார்மசியிலும் வந்தது, அங்கேயும் தள்ளிவிட்டார்கள். ரோபோ 38½ மாத்திரையைச் சளைக்காமல் பொட்டலம் கட்டியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் பார்கோடு ஸ்கேன் செய்தபோது கம்ப்யூட்டர் 'சரி' என்றது. பையனுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

இதில் மருந்தியல் தெரியாதவர் யாருமே இல்லை. அலகு எதுவாகத் தானாக வர வேண்டும், 5 சதவீத விதி யாருக்கு, 39 மடங்கு டோஸுக்கு வரும் அலர்ட்டும் அற்ப விஷயத்துக்கு வரும் அலர்ட்டும் ஒரே முகத்தோடு வரலாமா என்றெல்லாம் யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், அல்லது முடிவே செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலிதான் இன்ஃபர்மேடிக்ஸ் ஃபார்மசிஸ்டின் நாற்காலி. அதில் உட்கார நாலு வழி இருக்கிறது: பி.ஜி.ஒய்.2 ரெசிடென்சி, இருக்கும் மருத்துவமனைக்குள்ளிருந்தே மாறுவது, முதுகலைப் படிப்பு, இந்த சிஸ்டங்களைச் செய்து விற்கும் கம்பெனியில் சேர்வது.

எதை வைத்து எடை போடுவது

பணம் முதலில். சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் கணக்கு ஆகாது, அந்த வருஷம் நீங்கள் சம்பாதித்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, மேலே சொன்ன பில்ட்: எத்தனை மாதத்தில் கை வைக்க விடுவார்கள்? மூன்றாவது, அகலம். ஒரு மூலையை மட்டும் பார்ப்பீர்களா, மருந்தின் முழுப் பயணத்தையும் பார்ப்பீர்களா? நாலாவது, அடுத்த கதவு. ஐந்து வருஷம் கழித்து மேனேஜர், டைரக்டர் பதவிக்குப் போட்டி போடும்போது இது எடுபடுமா? ஐந்தாவது விசாவும் லைசன்ஸும். இது சிலருக்குப் பொருட்டே இல்லை, சிலருக்கு இது ஒன்றுதான் கேள்வி.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள், கட்டங்களுக்குள் அடங்காத விஷயம்தான் அதிகம்.

| | பி.ஜி.ஒய்.2 | உள்ளிருந்தே | முதுகலை | கம்பெனி |
|---|---|---|---|---|
| காலம் | 1 வருஷம், அதற்கு முன் பி.ஜி.ஒய்.1 | சில வருஷம், உறுதியில்லை | பகுதிநேரமாக 2-3 வருஷம் | உடனே |
| பண இழப்பு | பெரியது | கிட்டத்தட்ட இல்லை | கட்டணம் | இல்லை |
| பில்டில் கை | இடத்தைப் பொறுத்தது | கிடைத்தால் ஆழமாக | அநேகமாக இல்லை | ஒரே தயாரிப்பில் ஆழமாக |
| அகலம் | அதிகம் | குறைவு | ஏட்டளவில் அதிகம் | குறைவு |
| யாருக்கு | பி.ஜி.ஒய்.1-ல் இருப்பவர் | ஏற்கெனவே மருத்துவமனையில் இருப்பவர் | லைசன்ஸுக்கு வழியில்லாதவர், டேட்டா பிடித்தவர் | நோயாளி பக்கம் விட்டு வர மனம் உள்ளவர் |

பி.ஜி.ஒய்.2 ரெசிடென்சி

ஃபார்ம்.டி முடித்து, ஒரு வருஷம் பொது ரெசிடென்சி, அதாவது பி.ஜி.ஒய்.1 செய்து, அதன் மேல் இன்னொரு வருஷம். மருத்துவமனை ஃபார்மசிஸ்ட்டுகளின் சங்கமான ஏ.எஸ்.எச்.பி அங்கீகரிக்கும் திட்டங்கள் இவை. ஆங்காலஜி, கிரிட்டிகல் கேர் போன்ற துறைகளோடு பார்த்தால் இன்ஃபர்மேடிக்ஸ் இடங்கள் சொற்பம், பெரும்பாலான திட்டங்களில் ஆண்டுக்கு ஒரே ஒரு ஆள்தான்.

பணக்கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023-ல் ஃபார்மசிஸ்ட்டின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,36,030 டாலர். ரெசிடென்ட்டுக்குக் கிடைப்பது ஊரைப் பொறுத்து 50,000 டாலரை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே. அப்படியானால் வரிக்கு முன் 80,000 டாலருக்குக் குறையாமல் இந்த ஒரு வருஷத்துக்கு நீங்கள் கட்டுகிறீர்கள். கல்விக் கடனின் வட்டி இதில் சேரவில்லை. வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி இருக்கிறது என்பதிலிருந்தே நிலைமை புரியும். வாரக்கடைசி ஷிஃப்டும் முறைவைத்து உண்டு. இன்ஃபர்மேடிக்ஸ்தானே, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தவர்கள் சனிக்கிழமை காலையில் ஐ.வி அறையில் நிற்பார்கள்.

ஒரு சின்ன ஆறுதலும் இருக்கிறது. மத்திய அரசின் கல்விக் கடன் வைத்திருப்பவர்கள் லாப நோக்கமற்ற மருத்துவமனையில் முழுநேர ரெசிடென்சி செய்தால், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில் கேட்கப்படும் 120 மாதத் தவணையில் அந்த மாதங்களும் சேரும். வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்தில் இருந்தால் குறைந்த சம்பளத்துக்குக் குறைந்த தவணை, கணக்கில் மட்டும் முழுத் தவணை. இதைக் கவனிக்காமல் அந்த வருஷம் கடனை ஒத்திப்போட்டு வைப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, இவ்வளவு கட்டி என்னதான் வாங்குகிறோம்? அகலம். வேலைக்குச் சேர்ந்த அனலிஸ்ட்டுக்கு ஒரு மூலையைக் கொடுப்பார்கள், உதாரணமாக வெளிநோயாளி மருந்துச் சீட்டு. வருஷக்கணக்கில் அதிலேயே கிடப்பார். ரெசிடென்ட் ஒரே வருஷத்தில் ஆர்டர் செட் கட்டுகிற கூட்டத்திலும் இருப்பார், பிக்சிஸ், ஆம்னிசெல் மாதிரி மருந்து அலமாரிகளின் பக்கமும் போவார், ஊசி பம்ப்பின் மருந்துப் பட்டியலைப் புதுப்பிப்பதையும் பார்ப்பார், கீமோதெரபி புரோட்டோகால் எப்படித் திரையில் ஏறுகிறது என்பதையும் பார்ப்பார், மருந்துக் குழுக் கூட்டத்தில் பெரிய டாக்டர்கள் ஒரு அலர்ட்டுக்காக முக்கால் மணி நேரம் சண்டை போடுவதையும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். அதைவிட முக்கியம், "இதை ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது, பதில் சொல்ல ஒருவருக்குக் கடமை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் பல இடங்களில் "அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, எல்லாத் திட்டமும் பில்டில் கை வைக்க விடாது. சில இடங்களில் ரெசிடென்ட் என்றால் கூட்டக் குறிப்பு எழுதவும், ரிப்போர்ட் எடுக்கவும், போஸ்டர் போடவும் ஒரு ஆள். பன்னிரண்டு மாதமும் 'பார்வையிட்டு' முடித்துவிட்டு வந்தால், உள்ளிருந்து மாறிய ஸ்டாஃப் ஃபார்மசிஸ்ட் உங்களை ஓரங்கட்டிவிடுவார். இரண்டாவது, மற்ற துறைகளில் பி.ஜி.ஒய்.2 முடித்ததும், ஃபார்மசி சிறப்புத் துறைகளுக்குச் சான்று தரும் பி.பி.எஸ் அமைப்பின் போர்டு தேர்வு எழுதி ஒரு எழுத்து வாலைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். இன்ஃபர்மேடிக்ஸுக்கு பி.பி.எஸ்-ல் அப்படி ஒன்று இல்லை. ஏ.எம்.ஐ.ஏ, எச்.ஐ.எம்.எஸ்.எஸ் என்ற மருத்துவ இன்ஃபர்மேடிக்ஸ் சங்கங்கள் தரும் சான்றுகள் இருக்கின்றன, ஆனால் அவை ஃபார்மசிக்கென்று உள்ளவை அல்ல, அவற்றுக்கு ரெசிடென்சியும் தேவையில்லை.

இனி யாரும் சரியாகச் சொல்லித் தராத விஷயம், காலக்கணக்கு. பி.ஜி.ஒய்.1 ஜூலை வாக்கில் தொடங்குகிறது. அதே மருத்துவமனையில் பி.ஜி.ஒய்.2 இருந்தால், மேட்ச்சுக்கு, அதாவது விண்ணப்பதாரர்களையும் திட்டங்களையும் நாடு முழுக்க ஜோடி சேர்க்கும் முறைக்கு, போகாமலே அங்கே உள்ள ரெசிடென்ட்டை டிசம்பரிலேயே எடுத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஏற்கெனவே இருப்பது ஒரே ஒரு இடம், அதையும் உள்ளே இருப்பவர் எடுத்துவிட்டால் வெளியாட்களுக்கு அந்த வருஷம் அங்கே கதவே திறக்காது. அதனால் இன்ஃபர்மேடிக்ஸ்தான் என்று ஓரளவு முடிவாகத் தெரிந்தால், பி.ஜி.ஒய்.1-க்கு விண்ணப்பிக்கும்போதே இன்ஃபர்மேடிக்ஸ் பி.ஜி.ஒய்.2 வைத்திருக்கும் மருத்துவமனைகளாகப் பார்த்துப் போடுங்கள். இரண்டு வருஷத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் திட்டங்களும் சில இடங்களில் உண்டு.

யாருக்கு இது நல்ல தேர்வு? பி.ஜி.ஒய்.1-ல் இருப்பவர், குடும்பப் பாரம் அதிகம் இல்லாதவர், பல்கலைக்கழக மருத்துவமனையில் தலைமைப் பொறுப்புக்குக் குறி வைப்பவர். அங்கே வேலை விளம்பரங்களில் பி.ஜி.ஒய்.2 விரும்பத்தக்கது என்ற வரி அடிக்கடி கண்ணில் படும், பக்கத்திலேயே "அல்லது இணையான அனுபவம்" என்றும் இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் ஸ்டாஃப் ஃபார்மசிஸ்ட்டாக இருந்து பி.ஜி.ஒய்.1-ம் செய்யாதவருக்கு இது ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம். இழப்பும் இரட்டிப்பு. அவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

உள்ளிருந்தே மாறுவது

இப்போது மேலே உட்கார்ந்திருக்கும் இன்ஃபர்மேடிக்ஸ் டைரக்டர்களைக் கேட்டால் பலர் ரெசிடென்சி செய்யாதவர்கள். "அவங்க செய்யலையே, நான் ஏன் செய்யணும்?" என்று ஒரு வாதம் வரும். காரணம் இருக்கிறது. 2009-ல் ஹைடெக் சட்டம் வந்து, மின்னணு மருத்துவப் பதிவுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்ததும் எல்லா மருத்துவமனையும் ஒரே நேரத்தில் சிஸ்டம் வாங்கின. கட்ட ஆள் வேண்டும், அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை, ஃபார்மசியில் கம்ப்யூட்டர் கண்டால் பயப்படாதவர் யார் என்று பார்த்து இழுத்துப் போட்டார்கள். அந்த அலை ஓய்ந்துவிட்டது. இன்று கட்டி முடித்த வீட்டைப் பராமரிக்கும் காலம், ஆட்கள் தேவைதான், ஆனால் வாசலில் வரிசை நிற்கிறது. அதனால் அவர்கள் போன வழி மூடவில்லை, குறுகியிருக்கிறது.

குறுகிய வழியில் எப்படிப் போவது? கண்ணில் படுவதுதான் வழி. 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் பேக்ஸ்டர் கம்பெனியின் நார்த் கோவ் ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. நாட்டின் ஐ.வி திரவத்தில் பாதிக்கும் மேல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. அடுத்த சில நாளில் மருத்துவமனைகள் எல்லாம் தலைகீழாக மாற்றி அமைத்தன: சிறு பையில் கலந்து ஏற்றும் மருந்துகளை நேரடி ஊசியாக மாற்ற வேண்டும், ஆர்டர் செட்டில் லிட்டர் கணக்கில் தானாக டிக் ஆகி வரும் திரவங்களை எடுக்க வேண்டும், மாற்று மருந்து அலர்ட் வைக்க வேண்டும், லேபிள் மாற வேண்டும், பம்ப் பட்டியல் மாற வேண்டும். இன்ஃபர்மேடிக்ஸ் குழு மட்டும் உட்கார்ந்து செய்ய முடியாது. எந்த வார்டில் எது பயன்படுகிறது, எதை மாற்றினால் இரவு இரண்டு மணிக்கு என்ன குழப்பம் வரும் என்று சொல்ல வார்டு ஃபார்மசிஸ்ட் வேண்டும். அப்படி ஒரு வாரத்தில் கை கொடுத்தவரின் பெயரை, அடுத்த காலியிடம் வரும்போது யாரும் மறப்பதில்லை.

புயலுக்குக் காத்திருக்க வேண்டாம். கோளாறு டிக்கெட் எழுதுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். "வான்கோமைசின் லேபிள் தப்பா வருது, சரி பண்ணுங்க" என்று எழுதுபவர்தான் அதிகம். ஆர்டர் எண், எந்த வார்டு, எந்தப் பிரிண்டர், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, போன வாரம் இதே மருந்துக்குச் சரியாக வந்ததா, மருந்து கம்பெனி அல்லது செறிவு மாறியிருக்கிறதா என்று ஆறு வரி எழுதினால், மறுமுனையில் இருக்கும் அனலிஸ்ட் உங்களைத் தேடி வருவார். சக ஊழியர்களுக்குச் சிஸ்டத்தில் உதவும் சூப்பர் யூசர் பதவிக்குக் கை தூக்குங்கள். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் புதிய வெர்ஷன் வருவதற்கு முன் சோதித்துப் பார்க்கக் கூப்பிடுவார்கள், பில்டின் வாசலை முதலில் பார்ப்பது அங்கேதான்.

எபிக் என்ற மின்னணு மருத்துவப் பதிவு சிஸ்டம் வைத்திருக்கும் மருத்துவமனையில் இருந்தால் இன்னொரு விஷயம். எபிக்கின் ஃபார்மசி பகுதிக்கு வில்லோ என்று பெயர், அதற்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் தனியாளாகப் பணம் கட்டி அதை வாங்க முடியாது. எபிக் வாடிக்கையாளராக இருக்கும் மருத்துவமனை உங்களை அனுப்ப வேண்டும், அல்லது நீங்கள் எபிக்கிலேயே வேலை பார்க்க வேண்டும். அதனால் "வில்லோ கோர்ஸ் எங்கே படிக்கலாம்?" என்று தேடி அலைய வேண்டாம், விற்கிறேன் என்று யாராவது வந்தால் பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம். அனுப்பிவைக்கும் மருத்துவமனை, இத்தனை காலத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கொடு என்று எழுதி வாங்கலாம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு சம்பளச் சீட்டில் இருக்கிறது. சில மருத்துவமனைகளில் இன்ஃபர்மேடிக்ஸ் ஃபார்மசிஸ்ட் ஃபார்மசித் துறையின் ஆள், பழைய சம்பளமே தொடரும். சில இடங்களில் அந்தப் பதவி ஐ.டி துறைக்குக் கீழே 'அனலிஸ்ட்' என்ற பெயரில் இருக்கும், அங்கே லைசன்ஸுக்கென்று தனி மதிப்பு கிடையாது. இரவு ஷிஃப்டுக்கும் வாரக்கடைசிக்கும் வந்த கூடுதல் தொகையும் போய்விடும். பதிலுக்கு வீட்டிலிருந்து வேலை கிடைக்கலாம், தீபாவளியன்று ஷிஃப்ட் இல்லை, ஆனால் ஆன்-கால் உண்டு. 2024 ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் கோளாறில் கம்ப்யூட்டர்கள் நீலமாகி நின்றபோது மருத்துவமனைகளில் ஆன்-கால் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, காத்திருப்பு. உங்கள் மருத்துவமனையில் இன்ஃபர்மேடிக்ஸ் குழுவில் மூன்று பேர், மூவரும் ஓய்வு பெற இன்னும் நாள் இருக்கிறது என்றால் நீங்கள் எவ்வளவு நல்ல டிக்கெட் எழுதினாலும் நாற்காலி காலியாகாது. வேறு மருத்துவமனைக்கு மாறினால் அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் இருப்பவர்கள்தான் பொறுமை இழந்து முதுகலைப் படிப்பில் போய் விழுகிறார்கள்.

முதுகலைப் படிப்பு

ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் முதுகலையை இணையம் வழியாகவே முடிக்கலாம். ஓரிகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழகம் போல நீண்டகாலமாக இதை நடத்துபவர்களும் உண்டு, நேற்று ஆரம்பித்துக் கட்டணம் வசூலிப்பவர்களும் உண்டு. என்ன சொல்லித் தருவார்கள்? தரநிலைகள், டேட்டாபேஸ், கொஞ்சம் புள்ளியியல், திட்ட மேலாண்மை, சட்டம். எல்லாம் தேவையானவைதான். ஆனால் வகுப்பறையில் யாரும் உங்களை உயிருள்ள சிஸ்டத்தில் தொட விடமாட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகும் "வில்லோ அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் இல்லை. இதை வேலைக்கான நுழைவுச் சீட்டு என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர் மேலே ஏற எடுத்தால் பலன் அதிகம்.

பணத்தில் ஒரு வழி உண்டு. முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது, பல மருத்துவமனைகள் அந்த அளவுக்குத் தருகின்றன. மூன்று காலண்டர் ஆண்டுகளில் பரப்பிப் படித்தால் 15,750 டாலர் அவர்கள் பணம். முழுப் பட்டத்துக்கு முன் இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்க்க, ஏ.எம்.ஐ.ஏ-வோடு சேர்ந்து நடத்தப்படும் 10x10 என்ற ஒற்றைப் பாடத்தை எடுத்துப் பார்க்கலாம். டேட்டா பக்கம் மட்டும்தான் ஆர்வம் என்றால் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல் கற்றுக்கொண்டு, உங்கள் மருத்துவமனையின் ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸுக்கு அனுமதி வாங்குங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

முதுகலைதான் சரியான வழி என்று நான் தயங்காமல் சொல்வது ஒரு கூட்டத்துக்கு. ஊரில் நாலு வருஷ பி.ஃபார்ம் முடித்தவர்கள். அமெரிக்க லைசன்ஸுக்கு முதல் படியான எஃப்.பி.ஜி.இ.சி சான்றுக்கு, 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் ஐந்து வருஷப் பாடத்திட்டம் படித்திருக்க வேண்டும். பி.ஃபார்ம் அதில் அடங்காது. 2008-ல் இந்தியாவில் தொடங்கிய ஆறு வருஷ ஃபார்ம்.டி அடங்கும். லைசன்ஸ் வழி அடைபட்ட பி.ஃபார்ம்காரருக்கு மருந்தும் தெரியும், கம்ப்யூட்டரும் வரும், ஃபார்மசிஸ்ட் அல்லாத வில்லோ அனலிஸ்ட்டுகள் எத்தனையோ மருத்துவமனையில் இருக்கிறார்கள். அவருக்கு அமெரிக்க முதுகலையும், கூடவே கிடைக்கும் வேலை அனுமதியும் கதவைத் திறக்கும்.

கம்பெனி

விஸ்கான்சினில் வெரோனாவில் இருக்கும் எபிக், 2022-ல் செர்னர் என்ற இன்னொரு மருத்துவப் பதிவு சிஸ்டம் கம்பெனியை வாங்கிய ஆரக்கிள், மருந்துத் தரவு விற்கும் ஃபர்ஸ்ட் டேட்டாபேங்க், மருந்து அலமாரி செய்யும் ஆம்னிசெல் என்று ஃபார்மசிஸ்ட்டைத் தேடும் கம்பெனிகள் உண்டு. ரெசிடென்சி கேட்பது அபூர்வம், சம்பளம் முதல் நாளிலிருந்தே முழுசு. தயாரிப்பின் குடலுக்குள் போய்ப் பார்க்கலாம், ஒரே வருஷத்தில் பல மருத்துவமனைகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது ஒப்பந்தம். விலகிய பிறகு அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். "ரெண்டு வருஷம் கம்பெனி, அப்புறம் மருத்துவமனைக்கு வந்துடலாம்" என்ற திட்டத்தை அந்த ஒரு வரி கெடுத்துவிடும். மருத்துவமனைகளுக்குப் போய் சிஸ்டத்தை நிறுவும் பணி என்றால் வாரத்தில் பாதி நாள் விமானத்தில். கம்பெனி கைமாறினால் குழு கலையும். மூன்று நாலு வருஷம் நோயாளி பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்ப வார்டுக்கு வருவது லேசான காரியம் இல்லை. வார்டை விட்டு வரத் துளியும் வருத்தமில்லை என்பவருக்கு இது தாராளமாகச் சரி.

விசா

இங்கே பிறந்தவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் இதைத் தாண்டிப் போகலாம், ஒரு விஷயம் தவிர: முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ரெசிடென்சிக்குப் பொதுவாகக் குடியுரிமையே கேட்பார்கள்.

எஃப்-1 மாணவராக இங்கே ஃபார்ம்.டி படிப்பவருக்கு ஒரு பொறி இருக்கிறது. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி 12 மாதம். மே மாதம் பட்டம், ஜூலையில் பி.ஜி.ஒய்.1 என்றால் அந்த ஒரு வருஷத்திலேயே ஓ.பி.டி தீர்ந்துவிடும். பி.ஜி.ஒய்.2-க்கு எச்-1பி வேலை விசா வேண்டும், ரெசிடென்ட்டுக்கு ஸ்பான்சர் செய்வதில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கும் மருத்துவமனைகள் நிறைய. பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் குலுக்கலில் விழ வேண்டியதில்லை, ஆண்டு உச்சவரம்பு அவர்களுக்குக் கிடையாது. விண்ணப்பிக்கும் முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ரெசிடென்சி இயக்குநர் வாய்வார்த்தையில் "பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி மேட்ச் பட்டியல் போடாதீர்கள். மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

முதுகலைக்குப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று. மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தில் வரும் பாடப்பிரிவு எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப) பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் ஓ.பி.டி 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு வேறு வேறு எண் இருக்கலாம்.

எச்-4-ல் இருப்பவர்களுக்கு, துணைவரின் கிரீன் கார்டு வழியில் வரும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் வேலை அனுமதி கிடைக்கும், அதை வைத்து ரெசிடென்சியும் செய்யலாம், ஸ்பான்சர் பேச்சே இல்லை. எஃப்.பி.ஜி.இ.சி சான்று இருந்தால் ஏ.எஸ்.எச்.பி விதிப்படி பி.ஜி.ஒய்.1-க்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. இது தெரியாமல் ரெசிடென்சி எல்லாம் இங்கே படித்தவர்களுக்குத்தான் என்று ஒதுங்கி நிற்பவர்கள் பலர். அனுமதி அட்டையைப் புதுப்பிக்கத் தாமதமானால் வேலை நடுவில் நிற்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை

ரெசிடென்சிக்கோ வேலைக்கோ எதற்குப் போனாலும், "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்ற இடத்தில் கலாசாரம், குழு ஒற்றுமை என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

போன வருஷ ரெசிடென்ட் அல்லது கடைசியாகச் சேர்ந்த ஆள் கட்டியதில் இன்று சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருப்பது எது என்று கேளுங்கள். நல்ல இடம் என்றால் உடனே சொல்வார்கள், சிலர் திரையைத் திறந்தே காட்டுவார்கள். இழுத்தால், அது பார்வையாளர் ரெசிடென்சி. சான்றிதழ் பயிற்சிக்கு எந்த மாதம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் மீதி ஒன்பது மாதம் கட்டலாம், ஏப்ரலில் என்றால் உங்களை வைத்து யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். அந்த வருஷத்தில் பெரிய மாற்றம் ஏதாவது வருகிறதா, புதிய பம்ப், சிஸ்டம் மாற்றம், இன்னொரு மருத்துவமனையை இணைப்பது? வந்தால் தூக்கம் போகும், ஆனால் வேறெங்கும் கிடைக்காத அனுபவம்.

ஏற்கெனவே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மறுபடி ஸ்டாஃப் ஷிஃப்டுக்கே போனவர்கள் அதிகம் என்றால் காரணத்தையும் கேளுங்கள். கடைசியாக, இந்தப் பதவி ஃபார்மசியின் சம்பளப் பட்டியலிலா, ஐ.டி துறையின் பட்டியலிலா? இதை நேர்காணல் நடத்தும் டாக்டரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. மனிதவளத் துறையிடம் கேளுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்.